செயற்றிட்டத்தின் கேள்வியை யார் எழுதுவது? பொறியியல் விரிவுரையாளருக்கான ஒரு செய்முறை வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் மேற்பார்வை செய்த மூன்றாம் ஆண்டு மாணவர் ஐவர் சின்ன வெங்காயத் தோட்டத்துக்கான தன்னியக்க நீர்ப்பாசனக் கருவியொன்றைச் செய்தார்கள். மண்ணின் ஈரம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் உணரி அதனை அறிந்து, ஆர்டுயினோ என்ற சிறிய நிரற்படுத்தக்கூடிய மின்னணுப் பலகை வழியாக மோட்டரை இயக்கும். ஈரம் போதியளவு ஆனதும் நிறுத்திவிடும். ஆய்வுகூடத்தில், ஒரு பிளாஸ்ரிக் வாளி மண்ணில், அது ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. பதின்மூன்றாவது வாரத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் கடலுக்கு அண்மித்த ஒரு தோட்டத்துக்கு அதனைக் கொண்டுபோனோம். தோட்டக்காரர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “தண்ணி எப்ப விடோணும் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. எவ்வளவு நேரம் இறைச்சா கிணறு உவராகும் எண்டதுதான் எனக்குத் தெரியேல்லை.”

ஐவரிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை, என்னிடமும் இருக்கவில்லை. ஆயினும் அந்தக் குழுவுக்கு உயர்ந்த புள்ளியே கிடைத்தது. எங்கள் புள்ளித்தாளில் கருவி வேலை செய்கிறதா என்பதற்கு ஒரு நிரல் இருந்தது. அது யாருடைய கேள்விக்கு விடை என்பதற்கு நிரல் இருக்கவில்லை. அதன் பின்னர் அந்தப் புள்ளித்தாளை நான் பல தடவை கிழித்து எழுதியிருக்கிறேன். அவ்வாறு எழுதியபோது கற்றுக்கொண்டவற்றைச் சக விரிவுரையாளர்களுக்காக, குறிப்பாக முதன்முறையாகச் செயற்றிட்டப் பாடமொன்றைப் பொறுப்பேற்கும் இளையவர்களுக்காக, இங்கே முறைப்படுத்துகிறேன்.

செயற்றிட்டமும் செயற்றிட்டக் கற்றலும்

பாடங்களையெல்லாம் படித்து முடித்த பின்னர் இறுதியில் ஒரு பொருளைச் செய்வது செயற்றிட்டம். பாடத்தையே அந்த வேலையின் ஊடாகப் படிப்பது செயற்றிட்டக் கற்றல். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், நம்மிடையே நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இதனைக் கவனியாமல் விடுவதால்தான் வருகிறது. அமெரிக்கக் கல்வியாளர் கில்பற்றிக் செயற்றிட்ட முறை பற்றிய தமது கட்டுரையை 1918 இல் வெளியிட்டார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1969 இல் முதல் மாணவரைச் சேர்த்தபோதே பிரச்சினையிலிருந்து தொடங்கும் கற்றலைக் கைக்கொண்டது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974 இல் நிறுவப்பட்ட நாளிலிருந்து பொறியியல் உட்பட எல்லாத் துறைகளையும் இந்த அடித்தளத்தில் கட்டியெழுப்பியது. ஆல்போர்க்கில் ஓர் அரையாண்டில் மாணவரின் வேலைச் சுமையில் ஏறத்தாழப் பாதி செயற்றிட்டத்துக்கே உரியது. அதே அரையாண்டின் பாடங்கள் பல அந்தச் செயற்றிட்டத்துக்குத் தேவையான அறிவை ஊட்டுவனவாக அமைந்திருக்கும். நாமோ பாடங்களில் எதனையும் குறைக்காமல், அவற்றின் மேல் செயற்றிட்டத்தை இன்னொரு சுமையாக ஏற்றிவிட்டு, மாணவர் கடைசி வாரத்தில் ஓடித்திரிகிறார்கள் என்று குறைப்படுகிறோம்.

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்புரிமையைப் பெற்றதிலிருந்து, பட்டதாரியிடம் இருக்கவேண்டிய பண்புகளைக் காட்டவேண்டிய கடப்பாடு பொறியியல் பீடங்களுக்கு ஏற்பட்டுள்ளது. குழுவாக இயங்குதல், பொறியியலாளர் அல்லாதோருக்கும் விளங்கும்படி எடுத்துரைத்தல், தீர்வின் சமூக, சுற்றாடல் விளைவுகளை உணர்தல் என்பன அவற்றுள் அடங்கும். மூன்று மணித்தியால எழுத்துப் பரீட்சையால் இவற்றை அளக்க முடியாது. ஆகவே செயற்றிட்டத்தைச் செம்மையாக நடத்துவது நமது விருப்பத்தைப் பொறுத்ததன்று. ஆனால் தரச்சான்றுக் குழு வரும்போது காட்டுவதற்காகக் கோப்பு நிரப்பும் வேலையாக இது மாறிவிட்டால், நடத்தாமல் விடுவதே மேல் என்பது என் எண்ணம்.

பிரச்சினையைத் தெரிதல்

செயற்றிட்டத் தலைப்புகளை விரிவுரையாளர் பட்டியலாகத் தட்டச்சுச் செய்து, முதல் வாரத்தில் அறிவித்தற் பலகையில் ஒட்டுவதுதான் பெருவழக்கு. இந்தப் பட்டியலை நிறுத்துங்கள். தலைப்பு என்பது பெரும்பாலும் விடையின் பெயர்: “தன்னியக்க நீர்ப்பாசனக் கருவி”, “சூரிய சக்தியில் இயங்கும் உலர்த்தி”, “பனை ஏறும் இயந்திரம்”. விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள்வியைத் தேடச் சொன்னால், மாணவர் இணையத்தில் ஏற்கனவே உள்ள ஒரு மாதிரியைப் பார்த்துச் செய்துவிட்டு, அறிக்கையின் முதல் அத்தியாயத்தில் அதற்கேற்ற ஒரு பிரச்சினையைப் பின்னோக்கி எழுதுவார்கள். தலைப்புக்குப் பதிலாக ஓர் இடத்தையும் அங்கே வேலை செய்யும் ஓர் ஆளையும் கொடுங்கள். “யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி இறக்கும் இடம்”, “குருநகரில் மீன் ஐஸ் போடும் இடம்”, “வெங்காயம் கட்டித் தொங்கவிடும் கொட்டில்” என்ற அளவில் நின்றுவிடுங்கள்.

எந்த இடத்தைத் தெரிவது என்பதற்கு நான் கைக்கொள்ளும் சோதனை எளியது. பிரச்சினைக்கு உரியவர் ஒருவர் இருக்கவேண்டும். அரையாண்டில் குறைந்தது நான்கு தடவை அவரைப் போய்ப் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். நம் ஆய்வுகூடத்தில் உள்ள கருவிகளால் அங்கே எதையாவது அளக்க முடியவேண்டும். அந்த அளவீடு இந்த அரையாண்டில் மாணவர் படிக்கும் ஒரு பாடத்தோடேனும் தொடுக்கப்படவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்திருப்பதால், வலிகாமத்துக் கிணறொன்றைத் தெரிந்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் ஏ9 வீதியில் அரை நாள் போய்விடும். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு வயல் வாய்க்காலைத் தெரிந்தால் பின்னேர வகுப்பு முடிந்தும் போய்வரலாம். தூரத்தை அற்ப விடயமாக நினைக்கவேண்டாம். ஐந்து தடவை போகவேண்டிய இடத்துக்கு ஒரு தடவை மட்டும் போய், மிகுதியை ஊகத்தால் நிரப்பிய அறிக்கைகள் பலவற்றை நான் வாசித்திருக்கிறேன்.

பருவகாலத்தையும் பார்க்கவேண்டும். குடாநாட்டுக்கு மழையில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கிடைக்கிறது. அந்த மாதங்களில் நீர்ப்பாசனச் செயற்றிட்டம் ஒன்றைக் கொடுத்தால், மாணவர் வெள்ளம் நிற்கும் பாத்தியில் ஈரப்பதம் அளந்துகொண்டிருப்பார்கள். அதே மாதங்கள் வடிகால், கூரைநீர் சேகரிப்பு, கிணற்று நீர்மட்டம் ஏறும் வேகம் ஆகியவற்றுக்கு மிகப் பொருத்தமானவை. பல்கலைக்கழக நாட்காட்டி அடிக்கடி பிந்துவதால் இந்தக் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே போடவேண்டியிருக்கிறது.

பிரச்சினையின் பருமனும் ஒரு பொறி. “யாழ்ப்பாணத்தின் நன்னீர்த் தட்டுப்பாட்டைத் தீர்த்தல்” என்று மாணவர் எழுதிக்கொண்டு வருவார்கள். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர் ஏரியாக்கிக் குடாநாட்டுக்கு ஆறு போன்றதொரு நீர்வழியை உண்டாக்கலாம் என்ற பொறியியலாளர் ஆறுமுகத்தின் முன்மொழிவு 1950 களிலிருந்து பேசப்பட்டுவருகிறது. தலைமுறைகளாகப் பேசப்படும் ஒன்றை நான்கு மாணவர் பதினைந்து வாரத்தில் முடிக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஆர்வத்தை அவித்துவிடவும் கூடாது. “அந்தத் திட்டத்துக்குத் தேவையான ஓர் எண்ணை மட்டும் கண்டுபிடியுங்கள்” என்று சொல்லுங்கள். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளில் எத்தனை மில்லிமீற்றர் நீர் ஆவியாகிறது என்பதை, ஒரு தட்டை வைத்து ஆறு வாரம் அளந்து, அதன் வழுவையும் சேர்த்துச் சொல்வது நல்லதொரு செயற்றிட்டம்.

முதல் நான்கு வாரம்: அளப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை

முதல் நான்கு வாரத்துக்கு எந்த வடிவமைப்பும் வரையப்படக்கூடாது, எந்தப் பாகமும் வாங்கப்படக்கூடாது என்று ஒரு விதியை வையுங்கள். இந்த விதியை வைத்த முதல் ஆண்டில் மாணவர் இதனை வெறுத்தார்கள். கையில் ஆர்டுயினோ இருக்கும்போது அதைத் தொடாதே என்பது அவர்களுக்குத் தண்டனையாகவே பட்டது. ஆனால் இந்தச் சீர்திருத்தங்கள் அனைத்திலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதையே வைத்துக்கொள்வேன்.

அளத்தல் என்றால் என்ன என்பதை ஒரு கிணற்றடியில் வைத்துக் காட்டுகிறேன். இருநூறு லீற்றர் கொள்ளும் பரல் ஒன்றை இறைப்புக் குழாயின் வாயில் வைத்து, போனில் உள்ள நிறுத்தற் கடிகாரத்தால் அது நிரம்பும் நேரத்தை மூன்று தடவை எடுக்கச் சொல்லுங்கள். சராசரியாக 125 செக்கன் வருகிறது என்று வையுங்கள். அப்படியானால் பாய்ச்சல் செக்கனுக்கு 1.6 லீற்றர். நீர்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் இடையிலான உயரம் 7 மீற்றர். நீரை உயர்த்துவதற்கு மட்டும் தேவையான வலு, 1.6 ஐயும் 9.81 ஐயும் 7 ஐயும் பெருக்க வரும் 110 வாற்று. இப்போது கவ்வு மானியால் மோட்டரின் மின்னோட்டத்தைப் பார்க்கிறார்கள்: 3.5 அம்பியர். மின்னழுத்தம் 230 வோல்ற்று, வலுக்காரணி 0.85 என்று கொண்டால் உள்ளே போவது 684 வாற்று. ஆகவே வினைத்திறன் 16 சதவீதம். மாணவர் கணிப்பானை மறுபடியும் தட்டிப் பார்ப்பார்கள். எண் சரிதான். மிகுதி 574 வாற்று எங்கே போகிறது? உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வு அடைத்திருக்கிறதா, குழாய் தேவைக்கு மீறி ஒடுக்கமா, சுழலி தேய்ந்துவிட்டதா? பாய்பொருள் இயக்கவியல் விரிவுரையில் கரும்பலகையில் கிடந்த உராய்வு இழப்புச் சமன்பாடு அப்போதுதான் அவர்களுக்கு வேண்டியதாகிறது. அந்த வாரம் அதைக் கற்பியுங்கள். செயற்றிட்டக் கற்றல் என்பதன் உட்பொருள் இவ்வளவுதான்.

தோட்டக்காரரின் உவர்க் கேள்விக்கும் இதே வழியால்தான் போகவேண்டியிருந்தது. குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்றும் கடல்நீரின் அடர்த்தியை 1.025 என்றும் கொண்டால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நிற்குமிடத்தில் அதன் கீழே நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது கைபன், ஹெர்ஸ்பேர்க் ஆகியோரின் பெயரால் வழங்கும் தொடர்பு. இதன் மறுபக்கம் அச்சமூட்டுவது: நீர்மட்டம் பத்துச் சென்ரிமீற்றர் நிரந்தரமாக இறங்கினால், சமநிலை வந்தபின் உவர்நீரின் எல்லை நான்கு மீற்றர் மேலே ஏறும். மாணவர் இதனைப் படித்துவிட்டு உடனே கிணற்றுக்குப் பிரயோகிக்கப் பார்ப்பார்கள். அவர்களைத் தடுக்காமல் பிரயோகிக்க விடுங்கள்; பின்னர் நீரின் உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியைக் கொடுத்து, மோட்டர் ஓடும்போது கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். அளவீடு சமன்பாட்டோடு ஒத்துப்போகாது. சமன்பாடு சமநிலையில் நிற்கும் நீரையும் சீரான நிலத்தையும் எடுகோளாகக் கொண்டது. நமது சுண்ணக்கல்லோ வெடிப்பும் குகையுமாக இருக்கிறது. எடுகோள் உடையும் இடத்தை ஒரு மாணவர் தம் கையால் எடுத்த வாசிப்பில் காண்பது, அதே சமன்பாட்டைப் பரீட்சையில் பிழையின்றி நிறுவுவதிலும் பார்க்கப் பெறுமதி கூடியது.

நான்காம் வார முடிவில் ஒவ்வொரு குழுவும் ஒரேயொரு பக்கத்தில் பிரச்சினைக் கூற்றை எழுதித் தரவேண்டும். “விவசாயிகள் நீர்ப்பாசனத்தில் பல சிரமங்களை எதிர்நோக்குகின்றனர்” என்று தொடங்கும் பக்கத்தை வாசிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் ஏற்றுக்கொண்ட ஒன்று பின்வருமாறு இருந்தது: “இக்கிணற்றில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து இறைக்கும்போது நீரின் மின்கடத்துதிறன், வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும் அளவைத் தாண்டுகிறது, நான்கு பரப்புக் காணிக்கும் நீர் விட மூன்றரை மணித்தியாலம் தேவைப்படுகிறது, இந்த ஒன்றரை மணித்தியால இடைவெளியை எப்படிக் கையாளலாம்?” வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர்களுள் ஒன்று என்பதையும், பாசன நீரில் மீற்றருக்கு ஏறத்தாழ 0.8 டெசிசீமன்ஸ் வரையே விளைச்சல் குறையாமல் தாங்கும் என்பதையும் அவர்கள் உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டலிலிருந்து தாமே கண்டுபிடித்திருந்தார்கள். எண் உண்டு, இடம் உண்டு, ஆள் உண்டு, விடை மட்டும் இல்லை. நல்ல பிரச்சினைக் கூற்றின் அடையாளம் அதுதான்.

குழுவை அமைத்தல்

நான்கு பேர் போதும். ஐந்தாமவர் வந்தவுடன் ஒருவர் மற்றவர்களின் நிழலில் ஒதுங்கிவிடுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். குழுவை மாணவர் தெரிவுக்கு விடாமல் நீங்களே அமையுங்கள். நண்பர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் வேலையைப் பகிர்வதைவிடப் பழியை மறைப்பதில் வல்லவர்களாகிவிடுகிறார்கள்.

வடக்கில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நாட்டின் எல்லாப் பகுதிகளிலுமிருந்து மாணவர் வருவதால், ஒரு குழுவில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இருப்பார்கள். கற்பித்தல் ஆங்கிலத்தில் நடக்கும். பிரச்சினைக்கு உரியவரோ தமிழில் மட்டும் கதைப்பார். தன்பாட்டுக்கு விட்டால், தமிழ் மாணவர் ஒருவர் முழு அரையாண்டும் மொழிபெயர்ப்பாளராகவே இருந்துவிடுவார், கணிப்பில் கை வைக்கமாட்டார். சிங்கள மாணவர் ஒருவர் கணினிக்கு முன்னால் இருந்து, தான் ஒரு தடவையும் பேசியிராத மனிதருக்காக எதையோ வடிவமைப்பார். இதற்கு நான் கண்ட வழி, கேள்வி தயாரிப்பவரையும் மொழிபெயர்ப்பவரையும் பிரித்துவிடுவது. தமிழ் தெரியாதவர் கேள்விகளை எழுதவேண்டும், களத்தில் தானே கேட்கவேண்டும். மற்றவர் பெயர்த்துச் சொல்லலாம், ஆனால் தன்னுடைய கேள்வியைச் சேர்க்கக்கூடாது. இரண்டாவது பயணத்தில் “ஐயா, உப்பு எப்ப வரும்?” என்று காலி மாவட்டத்து மாணவர் ஒருவர் உடைந்த தமிழில் கேட்டபோது, தோட்டக்காரர் அவரை மட்டும் கைப்பிடித்துக் கிணற்றுக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் நீர் வடிந்த அடையாளங்களைக் காட்டினார்.

இன்னொரு வழக்கத்தையும் கவனித்து உடைக்கவேண்டும். பெண் மாணவரிடம் அறிக்கையும் ஆண் மாணவரிடம் பட்டறையும் போய்ச் சேர்வது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. “அவளின் ஆங்கிலம் நல்லது” என்ற ஒரு வசனத்தோடு அது நடந்து முடிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பொறுப்புகளைக் கட்டாயமாக மாற்றி, மாற்றத்தைப் பதிவேட்டில் ஒப்பமிடச் செய்யுங்கள்.

வாராந்தச் சந்திப்பு

வாரத்தில் ஒரு குழுவுக்கு இருபது நிமிடம். அதற்குமேல் எந்த விரிவுரையாளராலும் கொடுக்க முடியாது. கொடுக்கத் தேவையும் இல்லை. மேசையில் மடிகணினி திறக்கப்படக்கூடாது. ஒவ்வொருவரும் தம் பதிவேட்டைத் திறந்து வைப்பார்கள்: கட்டப்பட்ட கொப்பி, பக்க இலக்கம், திகதி, பேனையால் எழுதிய வாசிப்புகள், பிழையானதை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டிய அடையாளம். நான் கேட்பது மூன்று கேள்விகள்: சென்ற வாரம் எதை அளந்தீர்கள், எதைத் தீர்மானித்தீர்கள், அந்தத் தீர்மானத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியது என்ன? மூன்றாவது கேள்விக்கு முதல் மாதத்தில் யாரிடமும் விடை வராது. விடாமல் கேளுங்கள்.

மேற்பார்வையாளருக்குக் கடினமானது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். விடை நமக்குத் தெரியும். ஒரு வசனத்தில் சொன்னால் அவர்களுடைய இரண்டு வாரம் மிச்சம். ஒரு குழு மலிவான ஈரப்பத உணரியைத் தெரிந்தபோது, அதன் இரு உலோகக் கால்களுக்கிடையே நேரோட்டம் பாய்வதால் மின்பகுப்பு நடந்து, உவர் மண்ணில் அது சில வாரத்தில் அரித்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. “இதை மூன்று வாரம் மண்ணில் விட்டுப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டேன். பார்த்தார்கள், கால் ஒன்று பச்சையாகி நூலாகிப் போயிருந்தது. கொள்ளளவத்தால் ஈரத்தை அறியும் உணரி ஏன் நீடித்திருக்கும் என்பதை அதன் பிறகு அவர்களே எனக்கு விளக்கினார்கள். ஆனால் பாதுகாப்பு விடயத்தில் இந்தப் பொறுமை கூடாது. ஈரக் கிணற்றடியில் 230 வோல்ற்றுக் கம்பியை வெறுங்கையால் தொடப்போகும் மாணவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கவேண்டாம், ஆளியை நிறுத்துங்கள்.

பட்டறையின் தொழினுட்ப உத்தியோகத்தரை இரண்டாம் வாரமே குழுக்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். எது செய்யக்கூடியது, எது படத்தில் மட்டும் நிற்கும் என்பது நம்மில் பலரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பாகங்களைப் பொறுத்தவரை, யாழ் நகரத்துக் கடைகளில் கிடைக்காதது கொழும்பிலிருந்து வரவேண்டும். பல்கலைக்கழகக் கொள்வனவு முறையில் மூன்று விலைக்கூறல் எடுத்து அனுமதி கிடைப்பதற்குள் அரையாண்டு முடிந்துவிடும். ஆகவே பொதுவான உணரிகளும் பலகைகளும் அளவுமானிகளும் கொண்ட ஓர் அலுமாரியை முந்திய ஆண்டே நிரப்பிவைத்து, கடன் புத்தகம் ஒன்றை அதன் கதவில் கட்டிவிடுங்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதி முடங்கியபோது, பழைய செயற்றிட்டங்களைப் பிரித்துச் சேர்த்துவைத்த அத்தகைய அலுமாரி ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட ஊர் இது; தட்டுப்பாட்டை ஒரு வடிவமைப்பு நிபந்தனையாக எழுதுவது நம் மாணவருக்கு அந்நியமாக இராது. முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டுத்தான் அந்த எஞ்சினைத் தொடக்கவேண்டியிருந்தது ஏன் என்று வெப்பவியக்கவியல் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

புள்ளியிடல்

மேலே சொன்ன யாவும் புள்ளித்தாள் மாறாவிட்டால் வீண். மாணவர் நாம் சொல்வதைக் கேட்பதில்லை. நாம் எதற்குப் புள்ளி போடுகிறோம் என்பதைப் பார்க்கிறார்கள். அதில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. நான் இப்போது நூறு புள்ளியைப் பிரிக்கும் விதம் இது: பிரச்சினைக் கூற்றுக்கும் அதற்கு ஆதாரமான அளவீடுகளுக்கும் 25, தனியாள் பதிவேட்டுக்கு 20, மாற்றுத் தெரிவுகளை ஒப்பிட்டுத் தீர்மானித்த விதத்துக்கும் கணிப்புக்கும் 20, செய்த பொருளுக்கு அல்லது பெற்ற விடைக்கும் அதனைக் களத்தில் சோதித்த விதத்துக்கும் 15, தனியாள் வாய்மொழிப் பரீட்சைக்கு 15, முடிவைப் பிரச்சினைக்கு உரியவரிடம் திருப்பிக் கொடுத்த விதத்துக்கு 5. செய்த பொருளின் பங்கு சிறிதாக இருப்பதைப் பார்த்துச் சக விரிவுரையாளர் கோபிப்பார்கள். ஒரு தடவை ஒரு பரீட்சகர், “இந்தக் குழுவின் கருவி எங்கே?” என்று கேட்டார். கருவி இருக்கவில்லை. இடைவேளை விட்டு இரு தடவையாக இறைத்தால் உவர் ஏறுவது குறைகிறது என்பதை மூன்று வெவ்வேறு நாளில் அளந்து, எந்தக் கருவியும் வாங்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு அந்தக் குழு வந்திருந்தது. பதிவேட்டைக் காட்டியபின்னரும் அவருக்கு முழுத் திருப்தி ஏற்படவில்லை. நான் அந்தக் குழுவுக்கு மிக உயர்ந்த புள்ளியைக் கொடுத்தேன்.

தோல்விக்கும் புள்ளி உண்டு என்பதை எழுத்தில் கொடுங்கள். சோதனை பிழைத்து, ஏன் பிழைத்தது என்று எண்ணோடு காட்டினால் அந்தப் பகுதியின் முழுப் புள்ளியையும் பெறலாம் என்று எழுதிவைத்தால், கண்காட்சி நாளில் மேசைக்குக் கீழே ஒளிந்திருந்து ஆளியை அழுத்தும் நாடகம் நின்றுவிடும். நான் அந்த நாடகத்தைக் கண்டிருக்கிறேன். மாணவனாக இருந்தபோது அதில் நடித்தும் இருக்கிறேன்.

குழுப்புள்ளியைத் தனியாளுக்குப் பிரிக்க, ஒவ்வொருவரும் மற்ற மூவரின் பங்களிப்பையும் இரகசியமாக மதிப்பிட்டு, ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் ஒரு சம்பவத்தைக் காரணமாக எழுதவேண்டும். அதிலிருந்து பெறும் காரணியை 0.8 க்கும் 1.1 க்கும் இடையில் மட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பழைய பகை புள்ளித்தாளுக்கு வந்துவிடும். இதனை ஏழாவது வாரத்தில் புள்ளியின்றி ஒரு தடவை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லவேண்டும். கடைசியில் மட்டும் நடத்தினால் அது தீர்ப்பாக முடியும், திருந்த இடம் இராது.

அறிக்கையை இப்போது சாட்ஜிபிடி எழுதிவிடுகிறது என்ற புலம்பல் எங்கும் கேட்கிறது. அறிக்கைக்கு நான் தனிப்புள்ளி கொடுப்பதில்லை. வாய்மொழிப் பரீட்சையில் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து, “இந்த வாசிப்பை வெட்டியிருக்கிறீர், ஏன்?” என்று கேட்பேன். வெயிலில் நின்று அந்த வாசிப்பை எடுத்தவர் உடனே சொல்லிவிடுவார்.

எங்கே தொடங்குவது

முழுப் பாடவிதானத்தையும் மாற்றப் பீடச் சபைக்குப் போகவேண்டாம், ஆண்டுகள் கழிந்துவிடும். உங்கள் கையில் உள்ள ஒரு பாடத்தை, மூன்றாம் அல்லது நான்காம் அரையாண்டில், எட்டுக் குழுவுக்கு மேல் போகாத அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடத்தின் ஒப்படைகளில் பாதியை நீக்கிவிடுங்கள். நீக்காமல் சேர்த்தால் மாணவரும் நீங்களும் களைத்துப்போவீர்கள். அதே அரையாண்டில் கற்பிக்கும் இன்னொருவரிடம் பேசி, அவருடைய பாடத்தின் ஓர் அலகை எட்டாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். இந்தச் சின்ன வேண்டுகோளுக்குத்தான் எனக்கு அதிக காலம் எடுத்தது.

பதினைந்தாவது வாரத்தில் ஒவ்வொரு குழுவும் தன் முடிவை ஒரு பக்கத் தமிழில், சமன்பாடு எதுவும் இன்றி எழுதி, பிரச்சினைக்கு உரியவரிடம் நேரில் கொடுத்து வாசித்துக் காட்டவேண்டும். தமிழ் தெரியாதவரும் அந்தப் பக்கத்தின் ஒரு பகுதியையேனும் வாசிக்கவேண்டும். பதிவேடுகளை மாணவரிடம் திருப்பிக் கொடுக்காமல் அந்த அலுமாரியின் கீழ்த் தட்டில் வையுங்கள். அடுத்த அணி அதே கிணற்றுக்குப் போகும்போது, முந்திய அணியின் கடைசி வாசிப்பிலிருந்து தொடங்கட்டும். எங்கள் கிணற்றுக்கு இப்போது நான்கு அணிகளின் மின்கடத்துதிறன் அட்டவணை இருக்கிறது. அதில் ஒரு மாசி மாத வாசிப்பு மற்ற ஆண்டுகளோடு சற்றும் ஒத்துவரவில்லை. மானி பிழையா, கிணற்றில் ஏதும் நடந்ததா என்று இந்த முறை வந்த குழு பார்த்துக்கொண்டிருக்கிறது.